வால் கத்தரித்த குதிரை

குளிர்கால முகாம்
9 டிசம்பர் 1973

மரியாதைக்குரிய உல்போசின் அக்காவுக்கு,

தம்பி கப்பாஸ் எழுதுவது. நம் வழக்கப்படி முதலில் கால்நடையைத்தான் விசாரிக்க வேண்டும். நகரத்தில் உங்களுக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை, அதனால் நேரே மனிதர்களுக்கு வருகிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி? அத்தானின் இருமல் நின்றதா? இங்கே ராய்ஹானும் பிள்ளைகளும் சுகம். சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

அப்பாவின் நாற்பதாம் நாளை முடித்தோம். நீங்கள் ஏழாம் நாளோடு புறப்பட்டது நல்லதாகப் போயிற்று, மறுவாரமே பனியில் பாதை மூடிவிட்டது. பண்ணையின் குதிரை மந்தையை இப்போது என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அப்பாவின் இடத்தில் என்னை நிற்க வைத்து எல்லோரும் அளந்து பார்க்கிறார்கள்.

அப்பாவின் குதிரை குலா நலம். அதற்குச் செய்ய வேண்டியதைப் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் நெற்றியில் முத்தம்.

தம்பி கப்பாஸ்

*

நகரம்
2 ஜனவரி 1974

தம்பி கப்பாஸுக்கு,

உன் மந்தைக்கும் உன் வீட்டு உயிர்களுக்கும் இந்தப் பனி லேசாகக் கழியட்டும். என் மூட்டு எப்போதும் போலத்தான். பையனின் ஈறில் கொஞ்சம் வெண்ணெய் தடவச் சொல், ராய்ஹான் இதையெல்லாம் யாரிடம் கேட்பாள்?

நாற்பதாம் நாள் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறாய். குலா பற்றி ஒரு வரி. "செய்ய வேண்டியதைப் பார்த்துக்கொள்கிறேன்." என்ன செய்தாய்? வாலைக் கத்தரித்தாயா? பிடரியை மழித்தாயா? செத்தவனின் குதிரைக்கு அதை நாற்பது நாளுக்குள் செய்துவிட வேண்டும். அதன்பின் ஒரு வருஷம் யாரும் அதன்மேல் ஏறக்கூடாது, சேணம் போடக்கூடாது. புல் தின்று கொழுத்து வருடச் சோற்றன்று அது அப்பாவுக்காக வெட்டுப்பட வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தவன் ஒரே வரியில் முடித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

காகிதத்தில் குலா அரசுப் பண்ணையின் சொத்து என்பது எனக்கும் தெரியும். நான் வேலை பார்ப்பது இறைச்சி ஆலையின் வாசலில். வருகிற குதிரைகளின் வாயைத் திறந்து, பல்லைப் பார்த்து, வயது எழுதி உள்ளே விடுகிறவள். எத்தனை பேர் ஏறிய எத்தனை குதிரைகள்! எல்லாம் சட்டப்படி உள்ளே போய்ச் சட்டப்படி தொத்திறைச்சியாக வெளியே வருகின்றன. அப்பாவின் குதிரை அப்படிப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரி ஃப்ரீடாவிடம் இதைச் சொன்னேன். "ஏண்டி, அவ்வளவு பாசமா இருக்கிற குதிரையப் போயி வெட்டித் திம்பீங்களா? எங்க ஊர்ல குதிரைக் கறின்னாலே பாவம்னு சொல்லுவாங்க"ன்னாள். "நீங்க சாகுற வரைக்கும் ஏர்ல பூட்டி அடிப்பீங்க, செத்ததும் பள்ளத்துல தள்ளுவீங்க. நாங்க அதுக்கு அழுது பாடி, எங்க வயித்துல வைக்கிறோம். எதுடி பாவம்?"னு கேட்டேன். வாயை மூடிக்கொண்டாள். நீ வாயைத் திறந்து பதில் எழுது.

உன் அக்கா

*

குளிர்கால முகாம்
20 பிப்ரவரி 1974

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குப் பொறுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நலம். வெண்ணெய் வைத்தியம் பலித்தது. இரண்டு மூன்று சினைக் குதிரைகள் பனியில் வழுக்கிக் குறைப்பிரசவமாயின, அந்த அலைச்சல்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கடிதத்தில் கால்நடை பற்றி எழுத வேண்டாம். பிள்ளைகளைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி எழுதுங்கள். உங்கள் கடைசிக் கடிதம் ஈரப் பசையோடு வந்து சேர்ந்தது. உங்கள் ஊரில் ஒட்டிய பசை இத்தனை நாள் காயாமல் இருக்காது.

அத்தானுக்கு வணக்கம்.

கப்பாஸ்

*

நகரம்
10 மார்ச் 1974

கப்பாஸுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் ராய்ஹானும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும், அவர்கள் என்ன செய்தார்கள்?

பசை காயவில்லையாம்! கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாதவனுக்குப் பசை கிடைத்தது. நேற்று உங்கள் பண்ணை லாரிக்காரன் இத்ரிஸ் தோல் கட்டுகளைக் கொண்டுவந்தான். தேநீர் ஊற்றிக் கொடுத்து விசாரித்தேன்.

"குலாவா? நல்லாத்தான் இருக்கு அக்கா. போன வாரம்கூட கப்பாஸ் அது மேலதான் வந்தான்."

"மேலயா? ஏறியா?"

"ஏறாம பின்ன, தோள்ல தூக்கிக்கிட்டா வருவான்?"

"வாலு?"

"வாலுக்கென்ன? தரையத் தொடுது. ஏன்க்கா, டீயக் கையில ஊத்திக்கிட்டீங்களே!"

அப்பா மண்ணுக்குள் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. செத்தவரின் முதுகில் ஏறியதுபோல அவர் குதிரைமேல் ஏறியிருக்கிறாய். உன் வீட்டில் கத்தரிக்கோல் இல்லையா, அல்லது கைதான் இல்லையா? எனக்கு ‘மகனாகட்டும்’ என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்து, அடுத்ததாவது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். வேண்டிக் கிடைத்தவன் நீ. நன்றாகத்தான் கிடைத்தாய்.

எனக்கு எழுதித் தா: அக்டோபரில் வருடச் சோறு நடக்கும், அன்று குலா நம் வாசலில் அப்பாவுக்காக வெட்டப்படும், பண்ணை என்ன சொன்னாலும் சரி. இந்த ஒரு வரியை நீ எழுதும்வரை எனக்குச் சந்தேகம் தீராது. யாருக்காவது விற்கப் பார்க்கிறாயோ என்றுகூட நினைக்கத் தோன்றுகிறது. நினைக்க வைத்தவன் நீ.

உல்போசின்

*

நகரம்
19 மே 1974

கப்பாஸுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் தந்தி வந்திருக்கும். நானும் இருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு வரி கேட்டேன், அது உன்னால் முடியவில்லை. சரி. இலையுதிர் காலத்தில் உங்கள் பண்ணை மந்தை இந்த வாசலுக்குத்தான் நடந்து வரும். ஒவ்வொரு தலையாகப் பார்ப்பேன். குலா அதில் வந்தால் உனக்கு அக்கா இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லி வை.

உல்போசின்

*

கோடை மேய்ச்சல்
7 ஜூலை 1974

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இது இத்ரிஸின் சட்டைக்குள் வருகிறது, தபாலில் இல்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் உடம்பு தேவலையா? கோபம் மூட்டுவலிக்கு ஆகாது.

நான் குலாமேல் ஏறினேன். வாலை வெட்டவில்லை. இரண்டும் உண்மை. மந்தையில் யாரும் ஏறாமல் நிற்கும் கிழட்டுக் குதிரை என்றால் அதன் பெயர் ஆலைக்குப் போகும் பட்டியலில் ஏறும். வேலைக் குதிரையைத் தொடமாட்டார்கள். அதனால் எல்லோர் கண்ணிலும் படும்படி ஏறினேன். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கால் வைத்தேன். வாலைக் கத்தரித்தால், இந்தக் குதிரையைத் திருட்டுத்தனமாக வெட்டப்போகிறான் என்று ஊருக்கே தண்டோரா போட்டது மாதிரி. அரசுக் குதிரையை வெட்டினால் எனக்குச் சிறை. எனக்கென்று இருக்கும் குதிரையில் ஏறியிருக்கலாமே என்பீர்கள். குலாவின் தாய் போட்ட கடைசிக் குட்டி, செத்துப் பிறந்தது என்று கணக்குச் சொல்லி அப்பா எனக்காக மறைத்து வளர்த்தாரே, அதுதான் அது. காகிதத்தில் இல்லாத பிராணி. ஆள் இல்லாத பக்கம்தான் அதில் போக முடியும்.

இப்போது உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் பண்ணை டைரக்டர் சர்சென்பின் என்னைக் கூப்பிட்டார்.

"உக்காரு கப்பாஸ். உங்க அக்கா ஆலை வாசல்ல வேலை பாக்குறாங்கல்ல?"

"ஆமா தோழரே."

"நல்லா எழுதுவாங்களோ?"

"எனக்கென்ன தெரியும், குசலம் விசாரிப்பாங்க."

"'உன் வீட்டில் கத்தரிக்கோல் இல்லையா, அல்லது கைதான் இல்லையா?' அடேயப்பா! எனக்கெல்லாம் இப்படி எழுத வராதுப்பா."

சிரித்துக்கொண்டே பட்டியலை எடுத்து என் முன்னாலேயே குலாவின் பெயரை எழுதினார். "வயசாயிருச்சு. அக்டோபர் மந்தையில போகட்டும். வருடச் சோத்துக்கு ஆட்டுக்கறி போதும்"னார். அவரும் நம்மைப் போலக் கசாக்குக்காரர்தான், அக்கா. அவர் அப்பாவின் குதிரைக்கும் ஒருகாலத்தில் யாரோ வால் கத்தரித்திருப்பார்கள்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான். இனி நான் தபாலில் எழுதுவதெல்லாம் டைரக்டருக்கு எழுதுவது. அதை நம்பாதீர்கள்.

கப்பாஸ்

*

நகரம்
11 ஆகஸ்ட் 1974

என் தம்பிக்கு,

உன் மந்தையும் உன் வாசலும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். பிறகு அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தான் சூப்பு தீய்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.

என் வாய்தான் குலாவைப் பட்டியலில் ஏற்றியது. சரி, என்னைத் திட்டு. "கொஞ்சம் அதற்காகவும்தான்" என்று எழுதினாயே, அந்த நேர்மையாவது உனக்கு இருக்கிறது.

ஆனால் என் மனது இன்னும் அடங்கவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்காலம் முழுக்க நீ ஏறிய குதிரையை உன்னால் வெட்ட முடியுமா? கிடா வெட்டும்போதெல்லாம் கொட்டிலுக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறவன் நீ. பெருநாளன்று உன்னைத் தேடிப் பிடித்து இழுத்து வருவது என் வேலையாக இருந்தது. இப்போது டைரக்டர் உன் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். அதில் உனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. சட்டம் வெட்டிக்கொள்ளட்டும், நம் கையில் ரத்தம் வேண்டாம் என்று.

அப்படி இல்லையென்றால் என்ன செய்யப்போகிறாய், சொல். வாசலில் நான் இருக்கிறேன். நோய் என்று எழுதித் திருப்பி அனுப்பட்டுமா? வைத்தியர் கையெழுத்து வேண்டும், அதற்கும் வழி பார்ப்பேன். இத்ரிஸிடம் பதில் கொடுத்து அனுப்பு.

பிள்ளைகளுக்கு மிட்டாய் வைத்திருக்கிறேன். இத்ரிஸ் வழியில் தின்றுவிடப் போகிறான், எண்ணி வாங்கு.

அக்கா

*

குளிர்கால முகாம்
22 செப்டம்பர் 1974

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் நலமாக உழைத்துவருவீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் பண்ணை இந்த ஆண்டு இறைச்சித் திட்டத்தை முழுமையாக நிறைவேற்றுகிறது. தோழர் டைரக்டரின் வழிகாட்டலில் மந்தை புறப்படத் தயாராக இருக்கிறது. வயதான குதிரை குலாவும் அதில் வருகிறது. பழைய வழக்கங்கள் பற்றி நாம் முன்பு எழுதிக்கொண்டது அறியாமை. உற்பத்திக்குப் பயன்படுவதே கால்நடைக்கு மரியாதை.

வரும் குதிரைகளின் வயதை எப்போதும் போலக் கவனமாகப் பார்த்து எழுதுங்கள். உங்கள் வேலைத் திறமையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

தோழமையுடன்,
கப்பாஸ்

*

நகரம்
18 அக்டோபர் 1974

கப்பாஸ்,

தபாலில்தான் அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உன் தபாலை நம்பாதே என்று சொல்லியிருந்தாய். நம்பாமல்தான் இருந்தேன். அதில் ஏதோ ஒளிந்திருக்கிறது, என் தம்பி ஏதோ செய்வான் என்று மந்தை வரும்வரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நேற்று மந்தை வந்தது. நீ வரவில்லை. "கப்பாஸுக்குக் காய்ச்சல்" என்று கூட வந்த மேய்ப்பர்கள் தரையைப் பார்த்துச் சொன்னார்கள்.

தூசிக்குள் குலாவைப் பார்த்தேன். அந்த மஞ்சள் உடம்பு, முதுகில் அந்தக் கருங்கோடு. வால் முழங்கால் மட்டத்துக்குக் கத்தரித்திருந்தது. பிடரி மழித்திருந்தது. ஒரு வருஷமாகத் தேடிக் கிடைக்காத கத்தரிக்கோல் கசாப்புக்கு அனுப்பும்போது கிடைத்ததாக்கும்! எங்கள் அப்பாவின் துக்கக் குதிரை இது என்று அடையாளமும் போட்டு, தொத்திறைச்சிக்கும் அனுப்பியிருக்கிறாய். இதைவிட அப்பாவின் முகத்தில் நீ துப்பியிருக்கலாம்.

என்னால் அதன் வாயைத் திறக்க முடியவில்லை. பட்டியலில் இருந்த வயதை அப்படியே எழுதினேன். கை எழுதிற்று. பிறகு நான் என்ன செய்தேன் என்று ஃப்ரீடா சொல்லித்தான் எனக்கே முழுதாகத் தெரியும். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்கான ஒப்பாரியை முதல் அடியிலிருந்து பாடியிருக்கிறேன். எடை மேடையில், எல்லோர் முன்னாலும். ஃபோர்மேன் ஓடிவந்தான்.

"என்னம்மா இது, ஆலையா, கச்சேரியா?"

"அவ அப்பா செத்துட்டாருய்யா" என்றாள் ஃப்ரீடா.

"ஐயோ. எப்போ?"

"போன வருஷம்."

"போன வருஷம் செத்ததுக்கு இப்பவா?"

"இப்பதான்யா அதுக்கு நேரம் வந்துச்சு. தள்ளி நில்லு."

அந்த ஜெர்மன்காரி மேடையின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் பாடி முடிக்கும்வரை யாரையும் விடவில்லை. உள்ளே வெட்டுகிற ராக்கிம் கிழவர் கைகழுவிக்கொண்டு வந்து, "நானே கூட்டிட்டுப் போறேன் மகளே. மக்காவப் பாத்து, கிப்லா பக்கம் தலைய வச்சு, அல்லா பேரு சொல்லித்தான் செய்வேன்"னார். செய்தார். அதை நான் பார்த்தேன்.

மகன் செய்ய வேண்டியதை யாரோ ஒரு கூலிக்காரர் செய்தார். உனக்கு அக்கா இல்லை என்று மே மாதமே எழுதியிருந்தேன்.

உல்போசின்

*

குளிர்கால முகாம்
3 நவம்பர் 1974

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இதை இத்ரிஸ் உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பான். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்டில் நீங்கள் கேட்டதற்குப் பதில் கொடுத்து அனுப்பியிருந்தேன். இத்ரிஸை வழியில் இரண்டு இடத்தில் சோதித்திருக்கிறார்கள், பயந்து அதைக் கிழித்துப் போட்டுவிட்டானாம். இதை எனக்குச் சொல்ல அவனுக்கு இப்போதுதான் தைரியம் வந்தது. அதனால் தபாலில் எழுதிய அந்த ஒரு குறிப்பு மட்டும்தான் உங்களுக்கு வந்து சேர்ந்தது.

உங்கள் வாசலுக்கு வந்தது குலா இல்லை.

அது என் குதிரை. ஒரே தாய் வயிறு, ஒரே நிறம், ஒரே கருங்கோடு. காகிதத்தில் பிறக்காத பிராணி குலாவின் பெயரில் போயிற்று. கூட வந்த இரண்டு மேய்ப்பர்களும் அப்பா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், வாய் திறக்கமாட்டார்கள். மந்தைக்குள் நீங்கள் அதை உடனே கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் வாலைக் கத்தரித்தேன். டைரக்டரிடம் ஒட்டுமுள் சிக்கியது என்றேன். "வயதைக் கவனமாகப் பார்த்து எழுதுங்கள்" என்று எழுதினேனே, அக்கா. அதன் வாயைத் திறந்திருந்தால் ஏழு வயதுப் பல் தெரிந்திருக்கும். பார்த்ததும் உங்களுக்கு எல்லாம் புரியும், பட்டியல் வயதை எழுதிவிட்டு உள்ளுக்குள் சிரிப்பீர்கள் என்று கணக்குப் போட்டேன். வேறு யார் கையில் சிக்கினாலும் கேள்வி வரும். நீங்கள் வாசலில் இருக்கும் தைரியத்தில் அனுப்பினேன். நீங்கள் வாயைத் திறக்காமல் விடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வருடச் சோற்றன்று குலாவை நம் வாசலில் விடியற்காலையில் வெட்டினோம். கத்தியை நான்தான் பிடித்தேன். கொட்டிலுக்குப் பின்னால் போகவில்லை. ராய்ஹானும் மற்றப் பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடினார்கள். அப்பாவுக்கான பாட்டு ஒரு முனகலாகத்தான் வெளியே வந்தது. திட்டத்தை நிறைவேற்றிய விருந்து என்று ஊருக்குச் சொன்னோம். அழைக்காமலேயே டைரக்டரும் வந்துவிட்டார். தட்டில் இருந்த விலாக்கறியை முகர்ந்து பார்த்தார்.

"இது குதிரையாச்சே. எங்கருந்துப்பா?"

"அக்கா ஆலையில இருக்காங்கல்ல தோழரே. சட்டப்படி வாங்குனது."

வெகுநேரம் மென்றார். "வெட்டுன கை நல்லாயிருக்கட்டும்" என்று சொல்லி, அப்பாவின் பெயருக்குக் கையேந்தித் துவா கேட்டுவிட்டு எழுந்து போனார். தெரிந்துதான் தின்றாரா, தெரியாமலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்றிலிருந்து வாசலில் லாரிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

பதினாறு வயதுக் குதிரைக்கு மரியாதையான சாவு கிடைக்க ஏழு வயதுக் குதிரையைக் கொடுத்தேன். இது சரியா என்று முல்லாவிடமும் கேட்க முடியாது, டைரக்டரிடமும் கேட்க முடியாது.

கப்பாஸ்

*

நகரம்
5 நவம்பர் 1974

கப்பாஸ், என் கண்ணே,

இத்ரிஸ் லாரியைக் கிளப்பிவிட்டான், நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குலாவைப் பற்றி நிம்மதிப்பட எனக்கு நேரமில்லை.

உயிரோடு இருக்கிறவனின் குதிரைக்கு எவனாவது வாலைக் கத்தரிப்பானா? எதிரிகூடச் செய்யமாட்டானே. உன்னை நீயே செத்தவன் என்று அடையாளம் போட்டு என் வாசலுக்கு அனுப்பியிருக்கிறாய். நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழு ஒப்பாரியையும் பாடினேன். என் தம்பியின் குதிரைக்கு! அப்பாவின் பெயரைச் சொல்லிப் பாடினேன், உன் பெயரைச் சொல்லவில்லை, அதை இத்ரிஸிடமும் மூன்று தடவை சொல்லிவிட்டேன். இருந்தாலும் பாடியது பாடியதுதானே. ஆயிரம் ஆயிரம் வாயைத் திறந்து பார்த்தவள், இந்த ஒரு வாயைத் திறக்கவில்லை. உன்னைச் சந்தேகப்பட்ட பாவம் என் கையைக் கட்டிவிட்டது.

கறுப்பு ஆடு ஒன்றை உன் தலையைச் சுற்றித் தருமம் கொடு. ஏறும்போது பார்த்து ஏறு. நீ உயிரோடு இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. தபாலில் போடு, எவன் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உன் அக்கா

*

குளிர்கால முகாம்
1 டிசம்பர் 1974

என் அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். என் கை, என் எழுத்து, பாருங்கள். தபாலில் போடத் துணியவில்லை, இதுவும் இத்ரிஸின் சட்டைக்குள்தான் வருகிறது. காய்ச்சல்கூட இல்லை, அன்று சொன்னது பொய். ஆடு கொடுத்தாயிற்று. ராய்ஹான் இரண்டாகக் கொடுத்தாள், உங்களைவிட அவளுக்குப் பயம் அதிகம்.

பண்ணையில் எனக்கு ஒரு குதிரை ஒதுக்கியிருக்கிறார்கள். அசல் அரசுச் சொத்து, காதில் எண் இருக்கிறது. என்னை இரண்டு தடவை கீழே தள்ளிவிட்டது, அதனால் பெரும்பாலும் நடந்துதான் போகிறேன். மேய்ப்பர்கள் சிரிக்கிறார்கள்.

எனக்காக நீங்கள் பாட வேண்டிய முறையே கிடையாது. நீங்கள் மூத்தவர்கள், முறை மாறிப் பாடினால் பலிக்காது. அதனால் தூங்குங்கள்.

உங்கள் அக்டோபர் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. திட்டியதெல்லாம் மறந்துபோயிற்று. நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மந்தையோடு மந்தையாக, பெயர்கூடச் சொல்ல ஆளில்லாமல் முடிந்துபோகும் என்று தெரிந்துதான் என் குதிரையை அனுப்பினேன். புறப்பட்ட அன்று முகத்தைக் காட்டாமல் வீட்டுக்குள் படுத்திருந்தேன். வெளியே நின்று என்னைக் கூப்பிட்டுக் கனைத்துக்கொண்டே இருந்தது. அதற்குப் போய் நீங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறீர்கள்.

உங்கள் மூட்டுவலி, அத்தானின் இருமல் எல்லாம் எழுதுங்கள். அதோடு ஒன்று. நீங்கள் பக்கத்தில் போனபோது அது உங்கள் கையை முகர்ந்ததா? நம் இருவருக்கும் ஒரே வியர்வை வாடை என்று அம்மா சொல்வார்களே. முகர்ந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

தம்பி கப்பாஸ்